மதுரையைச் சுற்றித் தமிழிக் கல்வெட்டுகளை பைக்கில் போய்ப் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: 150 சிசி பைக் இருக்கிறது, மதுரையில் இரண்டு நாள் தங்கல். சுற்றியுள்ள சமணர் குகைகளையும், தமிழி (தமிழ் பிராமி) என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகளையும் பார்க்க வேண்டும். போய் வந்த நண்பர்கள் "பாறைதான் இருக்கு, எழுத்து ஒன்னும் தெரியல" என்கிறார்கள். எந்த வழியில் போவது, என்ன எடுத்துப் போவது, எப்படிப் பார்ப்பது?

நண்பர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலோர் தவறான நேரத்தில் போய், பாறைக்கு நேர் எதிரே நின்று, ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு மழையும் வெயிலும் தின்ற கீறல் அப்படிப் பார்த்தால் தெரியாது. எனவே இந்தப் பயணத்தைத் தூரத்தை வைத்துத் திட்டமிடாதீர்கள், வெளிச்சத்தை வைத்துத் திட்டமிடுங்கள். பேருந்தைவிட பைக் மேலாவதும் இதனால்தான். எந்த மலைக்கு எந்த மணிக்குப் போய் நிற்க வேண்டுமோ அந்த மணிக்கு நிற்கலாம்.

மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், அழகர்மலை, ஆனைமலை, திருப்பரங்குன்றம், சமணர்மலை, முத்துப்பட்டி, கொங்கர் புளியங்குளம், விக்கிரமங்கலம் எல்லாம் நகரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். வரைபடத்தைப் பார்த்தால் ஒரே நாளில் ஏழு மலை முடித்துவிடலாம் போலத் தோன்றும். அது ஏமாற்று. ஒரு மலைக்கு ஏறி, தேடி, பார்த்து, இறங்க இரண்டு மணி நேரம் வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று இடம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

முதல் நாள்: மேலூர்ப் பக்கம்

விடியும்போது ஒத்தக்கடை தாண்டியிருக்க வேண்டும். மேலூர் நெடுஞ்சாலையிலிருந்து இடப்புறம் பிரியும் ஊர்ச்சாலைகளில் மீனாட்சிபுரத்துக்குப் போங்கள். நூல்களில் "மாங்குளம் கல்வெட்டு" என்று இருக்கும், ஆனால் மாங்குளம் ஊருக்குள் போய்த் தேடினால் ஒன்றும் கிடைக்காது. மலை மீனாட்சிபுரத்தை ஒட்டி இருக்கிறது. அதற்குக் கழுகுமலை என்றும் ஓவாமலை என்றும் பெயர். இந்தப் பெயர்களால் வழி தவறியவர்கள் பலர். செல்பேசியில் கழுகுமலை என்று அடித்தால் வெட்டுவான் கோயில் இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலைக்கு வழி காட்டும். ஓவாமலை என்று கேட்டால் திருவாதவூர்க்காரர்கள் தங்கள் ஊர் மலையைக் காட்டுவார்கள், அங்கேயும் தமிழிக் கல்வெட்டு உண்டு. பஞ்சபாண்டவர் மலை என்ற பெயரோ ஊருக்கு ஊர் இருக்கிறது. எனவே மலைப் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

வழி கேட்கும்போது "தமிழ் பிராமி" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. "ஐயா, பஞ்சபாண்டவர் படுக்கை எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள், கை நீளும். துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய படுக்கைகளை ஊரில் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்பது இன்னும் நல்லது. எந்தப் பாறை வழுக்கும், எங்கே தேன்கூடு இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

மீனாட்சிபுரத்தில் ஆறு கல்வெட்டுகள் இருக்கின்றன. 1882-இல் ராபர்ட் சீவல் இவற்றை முதலில் கவனித்தார். ஆனால் மொழி தமிழ்தான் என்பதை 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டும் வரை யாராலும் சரியாக வாசிக்க முடியவில்லை. கணிநந்தன் என்ற துறவிக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனின் ஆள் ஒருவன் பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், செய்து கொடுத்ததைச் சொல்லும் வரிகள் இங்கேதான் உள்ளன. இன்னொரு வரியில் "வெள்ளறை நிகமத்தோர்" வருகிறார்கள். நிகமம் என்றால் வணிகர் குழு. பக்கத்திலேயே வெள்ளரிப்பட்டி என்று ஓர் ஊர் இருப்பதைச் சாலையோரப் பலகையில் பார்ப்பீர்கள், இரண்டும் ஒன்றே என்று கருதுபவர்கள் உண்டு. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் இந்தக் கல்வெட்டுகளைப் பொது ஆண்டுக்கு முன் 2-ஆம் நூற்றாண்டு என்று கணித்தார், இன்னும் முந்தைய காலம் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது அரிட்டாபட்டி, பக்கத்திலேயே. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் ஏறக்குறைய 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இங்கே மூன்று காலம் ஒரே இடத்தில் கிடைக்கும்: தமிழிக் கல்வெட்டுள்ள குகை, அதனருகே பிற்காலத் தீர்த்தங்கரர் (சமணர் வணங்கும் பெரியோர்) புடைப்புச் சிற்பமும் தமிழிக்குப் பின் வந்த வட்டெழுத்தும், கொஞ்சம் தள்ளிப் பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில். அந்தக் குடைவரையில் சிவனின் ஒரு வடிவமான இலகுலீசர் சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிதான ஒன்று, பார்க்காமல் வந்துவிடாதீர்கள். குகைக் கல்வெட்டில் "முழாகை" என்ற சொல் வரும், குகை என்று பொருள். முழை, முழைஞ்சு என்ற சொற்களின் உறவு.

பிற்பகலில் மேலூர் வந்து, பெட்ரோல் நிரப்பி, திருப்பத்தூர் சாலையில் கீழவளவு. சுற்றிலும் கிரானைட் வெட்டிய குழிகள், நடுவில் தப்பி நிற்கும் மலை. குகையின் நெற்றியில் உள்ள எழுத்தைப் பார்த்தால் முதலில் குழப்பம் வரும், ஏனென்றால் எழுத்துகள் தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கின்றன. தொண்டி ஊர்க்காரர் ஒருவர் செய்த பள்ளி என்று வாசித்திருக்கிறார்கள். பாறையின் இன்னொரு முகத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன, சிலவற்றில் பழைய சுதைப்பூச்சு ஒட்டியிருக்கிறது. கையால் தொட்டால் உதிரும்.

இரண்டாம் நாள்: மேற்கும் கீழடியும்

காலையில் நாகமலை புதுக்கோட்டை வழியாகச் சமணர்மலை இருக்கும் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக்குளம். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர் வட்டெழுத்தில். "செய்வித்த திருமேனி" என்று முடியும் தொடரை ஒருமுறை கண்ணில் பிடித்துவிட்டால், அடுத்தடுத்த சிற்பங்களுக்குக் கீழே அதே வடிவம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். வட்டெழுத்து பழக இதைவிட நல்ல சுவர் கிடையாது. செட்டிப்புடவு மலையின் இன்னொரு பக்கம், பலர் பேச்சிப்பள்ளத்தோடு திரும்பிவிடுகிறார்கள். புடவு என்றால் குகைதான். உள்ளே சிங்கத்தின் மேல் அமர்ந்து யானைமேல் வருபவனோடு பொருதும் இயக்கி என்ற சமணப் பெண்தெய்வத்தின் சிற்பம் இருக்கிறது, சிறியதுதான் ஆனால் உயிருள்ளது.

அங்கிருந்து கொங்கர் புளியங்குளம். வெட்டிய படுக்கைகள் ஏராளம், நெற்றியில் மூன்று தமிழிக் கல்வெட்டுகள். வெயில் ஏறியதும் திருமங்கலம், கப்பலூர் வழியாகச் சுற்றுச்சாலையைப் பிடித்து விரகனூர், சிலைமான் வழியாகக் கீழடி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுங்கள். 2023 மார்ச்சில் திறந்தது. உச்சி வெயிலில் இருக்க வேண்டிய இடம் அதுதான். வார விடுமுறை நாளை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பிய கூட்டம் பெரிது. பானையோட்டில் கீறிய தமிழி எழுத்தைக் கண்ணாடிக்குள் பக்கத்தில் பார்த்துவிட்டால், பாறையில் பார்த்தது இன்னும் விளங்கும்.

மாலையில் நேரம் மிஞ்சினால் ஒத்தக்கடை ஆனைமலை. நரசிங்கப் பெருமாள் குடைவரையின் கல்வெட்டு 770-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கி, அவர் தம்பி மாறன் எயினன் முடித்த கோயில். ஆண்டு துல்லியமாகக் கிடைக்கும் கல்வெட்டு என்பதால், காலம் தெரியாத மற்ற வட்டெழுத்துகளை ஒப்பிட ஒரு அளவுகோல் போல இது உதவும்.

அழகர்மலையை இந்த இரண்டு நாளில் சேர்க்கவில்லை. கிடாரிப்பட்டிப் பக்கம் ஏறும் அந்தக் குகைக்கு ஒரு முழு அரைநாள் வேண்டும். உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர், மதுரைப் பொற்கொல்லர் என்று ஒரு கடைத்தெருவே அங்கே பெயர் வெட்டி வைத்திருக்கிறது. அறுவை என்றால் துணி, கொழு என்றால் கலப்பை முனை. காட்டுப்பகுதி என்பதால் முதலில் ஊரிலும் வனத்துறையிலும் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

எழுத்து எங்கே இருக்கும்

குகைக்குள் நுழைந்து சுவரைத் தேடுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தவறு. வெளியே நின்று மேலே பாருங்கள். மழைத்தண்ணீர் பாறை முகத்தில் வழிந்து உள்ளே வராதபடி, குகை நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அந்தக் காடிக்குச் சற்று மேலோ கீழோதான் பெரும்பாலும் எழுத்து. சில இடங்களில் படுக்கையின் தலைமாட்டிலோ படுக்கை மேலேயோ இருக்கும், விக்கிரமங்கலம் உண்டாங்கல்லில் அப்படி. கால் வைக்கும் முன் பாருங்கள், மிதித்துக்கொண்டே எழுத்தைத் தேடுபவர்கள் உண்டு. குகை முன்னால் தரையில் வட்டக் குழிகள் தெரிந்தால் அவை பந்தக்கால் நட்ட குழிகள். முன்னே கீற்றுக் கூரை இறக்கியிருந்திருக்கிறார்கள்.

எழுத்தில் ஐந்தாறு வடிவங்கள் தெரிந்தால் போதும். கூட்டல் குறி போல இருப்பது "க". ஒற்றைக் குத்துக்கோடு "ர". படுக்கைக் கோட்டின் நடுவில் நிற்கும் குத்துக்கோடு "ந". மேலிருந்து இறங்கும் கோடு கீழே இரண்டாகப் பிரிந்தால் "த". இடக்கை நீண்ட கொக்கி "ப". கிண்ணம் போன்ற வளைவின் குறுக்கே ஒரு கோடு ஓடினால் "ம". பிறகு "கொடுபிதோன்", "கொட்டுபிதோன்" என்ற சொல்லைத் தேடுங்கள், செதுக்குவித்தவன் என்று பொருள். அரிட்டாபட்டி, திருவாதவூர் என்று பல இடங்களில் வரியின் கடைசியில் இது வரும். முடிவு தெரிந்தால் அதற்கு முன்னால் இருப்பது ஆள் பெயர், அதற்கு முன்னால் பெரும்பாலும் ஊர்ப் பெயர்.

ஒரு எச்சரிக்கை: மிகப் பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்தின் பக்கத்தில் சிறு கோடு இருந்தால் அதை உடனே நெடிலாக வாசித்துவிடாதீர்கள். அந்தக் கோடு அகரத்துக்கும் வரும், ஆகாரத்துக்கும் வரும். கோடு இல்லாவிட்டால் வெறும் மெய். புள்ளி வைக்கும் பழக்கம் பிறகுதான் வந்தது. இது தெரியாமல் வாசித்தால் எல்லாச் சொல்லும் "ஆ... ஆ..." என்று நீளும்.

வெளிச்சம்

கீறல் தெரிவது நிழலால். ஒளி பாறை முகத்தைத் தடவிக்கொண்டு போனால் கீறலின் ஓரத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். செல்பேசியின் ஃபிளாஷ் செய்வது இரண்டாவது வேலை, அதை அணைத்தே வையுங்கள்.

எனவே குகை எந்தத் திசை பார்க்கிறது என்பதை முதலில் செல்பேசித் திசைகாட்டியில் பாருங்கள். கிழக்கு பார்த்த முகத்தில் காலை 7 மணிக்குச் சூரியன் நேரே அடிக்கும், படம் அழகாக வரும், எழுத்து வராது. அந்த முகத்துக்கு 11 மணியை ஒட்டி, வெயில் மேலிருந்து முகத்தைத் தடவி இறங்கும்போது போக வேண்டும். மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டேகால் மணி வாக்கில். மேற்கு பார்த்த முகத்துக்கு 1 மணிக்குப் பிறகு. தெற்கு பார்த்ததற்கு மார்கழி, தை மாதங்களில் காலை 8 மணியும் மாலை நாலரையும் நல்ல நேரம், ஒளி பக்கவாட்டில் வரும். வடக்கு பார்த்த முகத்தில் சித்திரை தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரைதான் சூரியன் தலைக்கு வடக்கே போய் வெயில் விழும், மற்ற மாதங்களில் பெரும்பாலும் நிழல்தான்.

நிழலில் இருக்கும் எழுத்து கெட்டது என்று நினைக்காதீர்கள், அதுதான் வசதி. ஒரு டார்ச் போதும், கையடக்கமானது, ஒளிக்கற்றை குறுகியது. கூட வருபவர் கறுப்புக் குடையைப் பிடித்து வெளி வெளிச்சத்தை மறைக்கட்டும். நீங்கள் டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல, பத்துப் பதினைந்து பாகைச் சாய்வில் பிடியுங்கள்.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. ஒளி எந்தத் திசையில் ஓடுகிறதோ, அதே திசையில் இருக்கும் கீறல் நிழல் தராது, மறைந்துவிடும். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் குத்துக்கோடுகள் பளிச்சென்று தெரியும், படுக்கைக் கோடுகள் காணாமல் போகும். கூட்டல் குறியான "க" வெறும் குத்துக்கோடாகி "ர" ஆகிவிடும். "ம" தன் குறுக்குக் கோட்டை இழந்து "ப" மாதிரி நிற்கும். மேலிருந்து அடித்தால் இதற்கு நேர்மாறு. எனவே ஒவ்வொரு எழுத்துக் கூட்டத்துக்கும் நான்கு படம்: இடம், வலம், மேல், கீழ். செல்பேசியை அசையாமல் ஏதாவது பாறையில் சாய்த்து வைத்து, டார்ச்சை மட்டும் நகர்த்துங்கள். அப்போது நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒப்பிடலாம். எழுத்தைத் தொடாமல் பக்கத்தில் ஒரு அளவுகோல், இல்லாவிட்டால் ஒரு ரூபாய் நாணயமாவது வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணக்கட்டி தேய்ப்பது, மாவு பூசுவது, தண்ணீர் ஊற்றுவது, பெயின்ட் அடிப்பது எதுவும் கூடாது. சட்டம் இருக்கட்டும், காரணம் இதுதான்: சுண்ணம் தேய்ப்பவர் தான் வாசித்ததைத்தான் தேய்க்கிறார். பாறையின் இயல்பான வெடிப்பையும் எழுத்தென்று வெள்ளையாக்கிவிட்டால், அதன்பிறகு வருபவர்கள் எல்லாரும் அந்தத் தவறைத்தான் படம் எடுப்பார்கள். ஏற்கெனவே வெள்ளை பூசிய எழுத்து கண்ணில் பட்டால் அதை நம்பாமல் டார்ச் அடித்துக் கீறலைப் பாருங்கள். காகிதத்தை நனைத்து அடித்து எடுக்கும் மைப்படி தொல்லியல் துறை அனுமதியோடு செய்யும் வேலை.

வண்டி

இந்த வட்டாரத்துக்கு பெரிய வண்டி தேவையே இல்லை. 100 முதல் 150 சிசி வரை போதும். கனமான வண்டியைக் கண்மாய்க் கரையில் திருப்புவதற்குள் இடுப்பு போய்விடும்.

முதல் எதிரி சீமைக்கருவேல முள். சாலையோரம் வெட்டிப் போட்ட கிளைகள் காய்ந்தபின் டயரை ஊசி மாதிரி துளைக்கும். டியூப்லெஸ் டயரில் முள் தெரிந்தால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். முள்ளே ஓட்டையை அடைத்திருக்கும். காற்று பார்த்துக்கொண்டே மேலூர் வரை வந்துவிடலாம், அங்கே பிடுங்கி அடைத்துக்கொள்ளலாம். டியூப் உள்ள டயரில் வேறு கதை. முள் உள்ளே முறிந்து நுனி டயரிலேயே தங்கிவிடும். டியூபுக்கு மட்டும் ஒட்டுப் போட்டு மாட்டினால் பத்து கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடி பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் அவசரத்தில் இருந்தாலும், டயரின் உட்புறம் முழுக்க ஒரு பழைய பருத்தித் துணியால் தடவச் சொல்லுங்கள். துணி சிக்கும் இடத்தில் நுனி இருக்கும். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும்.

சரளைப் பாதை வருகிறதென்று டியூப் டயரில் காற்றைக் குறைக்காதீர்கள். கல் விளிம்பில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, அருகருகே இரண்டு கீறல் விழும். கம்பெனி சொன்ன அளவு, பின்னால் ஆள் இருந்தால் அதற்குரிய அளவு, அவ்வளவுதான். கையோடு பின்சக்கர டியூப் ஒன்று, கைப்பம்பு, சக்கரம் கழற்றும் ஸ்பானர், கிளட்ச் கேபிள் ஒன்று, ஸ்பார்க் பிளக், கொஞ்சம் இரும்புக்கம்பி. இதற்குமேல் மூட்டை கட்ட வேண்டாம்.

பொங்கலுக்குப் பிறகு சாலையில் கதிர் அடிக்கப் போடுவார்கள். கொள்ளு, உளுந்து, எள்ளுச் செடிகள் சாலை அகலத்துக்குக் கிடக்கும். அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். கொடி செயினிலும் சக்கர அச்சிலும் சுற்றி இறுகும். காய்ந்த சருகு சைலன்சரில் ஒட்டினால் புகைய ஆரம்பிக்கும், தீயும் பிடிக்கும். முன்பே வேகத்தைக் குறைத்து, நேராக, ஒரே சீராக ஓட்டிக் கடந்து, தாண்டியதும் நிறுத்திச் சக்கர அச்சையும் சைலன்சரையும் பாருங்கள். சுற்றியிருந்தால் கத்தியால் அறுத்து எடுங்கள், இழுத்தால் இன்னும் இறுகும்.

கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடும். ஆழம் கணுக்கால் அளவுதான் இருக்கும், ஆனால் அடியில் சிமென்ட் தளத்தில் பாசி. நடந்து பார்த்துவிட்டு, முதல் கியரில், பிரேக் தொடாமல், வளைக்காமல் கடக்க வேண்டும். கீழவளவுப் பக்கம் கல் லாரி போன தடத்தில் குறுக்கு வழி தேடி நுழையாதீர்கள். பழைய குவாரிக் குழிகள் விளிம்பில் வேலி இல்லாமல், ஆழமாகத் தண்ணீரோடு கிடக்கின்றன. மேடு என்று நினைத்து ஏறிய பாதை அங்கே முடிந்துவிடும்.

வண்டியை மலையடிவாரத்தில் தனியாக விடாதீர்கள். ஊருக்குள் கோயில் பக்கமோ டீக்கடை பக்கமோ நிறுத்தி, "ஐயா, மலைக்குப் போயிட்டு வர்றோம், வண்டி இங்க நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். வண்டிக்குக் காவலும் ஆச்சு, இருட்டும் வரை இறங்காவிட்டால் தேட ஆளும் ஆச்சு. மண் தரையில் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் ஒன்று வையுங்கள். குரங்கு இருக்கும் இடத்தில் உறையில் தின்பண்டம் வைத்தால் சீட்டும் சேர்ந்து கிழியும்.

மலையில்

பைக் ஓட்டும் கனத்த பூட்ஸ் இந்தப் பாறைக்கு ஆகாது. கடினமான அடித்தோல் வழவழப்பான சரிவில் பிடிக்காது. மெல்லிய ரப்பர் அடி கொண்ட சாதாரண ஷூ பையில் இருக்கட்டும். ஏறிய வழியிலேயே இறங்குங்கள். ஏறும்போது எளிதாகத் தெரிந்த சரிவு இறங்கும்போது அப்படி இருக்காது. மழை பெய்த மறுநாளும் பாறையில் கறுப்பாகத் தெரியும் நீர்த்தடங்கள் வழுக்கும், அவற்றை மிதிக்காமல் வெளிறிய பாறையில் கால் வையுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், மேலே எதுவும் கிடைக்காது.

பாம்பைவிடத் தேனீக்கு அதிகம் அஞ்ச வேண்டும். எழுத்து இருக்கும் அதே நெற்றியில்தான் மலைத்தேனீ கூடு கட்டும். தலையைத் தூக்கி முதலில் அதைப் பாருங்கள். கூடு தெரிந்தால் சத்தம், புகை, வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம், டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பவும் வேண்டாம். கலைந்தால் அடித்து விரட்டாமல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு இறங்கி விலகுங்கள். ஹெல்மெட்டை மேலே கொண்டு போவது வீண் பாரம் என்பார்கள், இந்த ஒரு காரணத்துக்காக நான் கொண்டு போகச் சொல்வேன்.

மாதம் என்று கேட்டால் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்கே பாறை சுடும், பிற்பகலில் இடியும் வரும். மொட்டைப் பாறையில் இடி நேரத்தில் நிற்பது மடத்தனம்.

எதையும் எடுக்காதீர்கள்

கண்மாய் உள்வாயிலும் உழுத வயலிலும் கறுப்பு-சிவப்புப் பானையோடு கண்ணில் படும். மழைக்குப் பிறகு இன்னும் படும். எடுத்துப் பையில் போட்டால் அது வெறும் ஓடு. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் செய்தி இருக்கிறது. கீழடி வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் பட்டா நிலம், கேட்காமல் நுழைவதே தப்பு. வட்டமாகக் கற்கள் பதிந்த இடத்தைக் கண்டால் அதன்மேல் வண்டியை ஏற்றாதீர்கள், அது கல்வட்டம் என்ற பழங்கால ஈமச்சின்னமாக இருக்கலாம்.

புதையல் பற்றிய 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சேதப்படுத்தினால், 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும், முக்காலி வைத்துப் படமெடுக்கவும் பல இடங்களில் வேண்டும்.

புதிதாக எழுத்து கண்ணில் பட்டதாகத் தோன்றினால், அது நடக்காத காரியமல்ல. அரிட்டாபட்டியின் இரண்டாவது கல்வெட்டு 2003-இலும், எத்தனையோ பேர் ஏறி இறங்கிய சமணர்மலையின் தமிழிக் கல்வெட்டு 2012-இலும்தான் வெளியே தெரிந்தன. நான்கு திசை வெளிச்சத்தில் படம், அளவுகோலோடு ஒன்று, தூரத்திலிருந்து பாறை முழுக்கத் தெரியும்படி ஒன்று, இருப்பிடப் புள்ளி, ஊர்ப் பெயர். இவற்றை மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்பிவிட்டு, அவர் பார்த்துச் சொல்லும் வரை இடத்தைப் பொதுவெளியில் போடாமல் இருங்கள். போட்ட மறுவாரமே சுண்ணக்கட்டியோடு யாராவது போய் நிற்பார்கள்.

இரவு அறைக்கு வந்ததும் இரண்டு வேலை. செயினில் படிந்த கல்தூசியை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள், தூசியோடு எண்ணெய் விட்டால் செயினை அரம் மாதிரி தேய்க்கும். படங்களுக்கு மலைப் பெயர், குகை எண், வெளிச்சத்தின் திசை என்று அன்றைக்கே பெயர் மாற்றுங்கள். ஒரு வாரம் விட்டால் எல்லாக் குகை நெற்றியும் ஒன்றுபோல இருக்கும், எது மீனாட்சிபுரம், எது அரிட்டாபட்டி என்று உங்களுக்கே தெரியாது.